நனையாத நாற்பத்து மூன்று பேர்

அன்று காலை பத்து மணிக்குப் பழைய பம்பு நிலையத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே இருந்தவர்கள்:

இம்கே. குழாய் வேலைக்காரி. உள்ளே இருக்கும் பெட்டியை ஒளித்து வைத்தவள்.

ஐலெர்ட். குளிர்பதன லாரி ஓட்டுகிறவன். பதினாலாயிரம் பெட்டிகள் கண்டுபிடித்தாயிற்று என்று அடுத்த சனிக்கிழமை கேக் வெட்டப் போகிறவன்.

ஃபென்னா. மாதத்துக்கு ஒரு முறை பெட்டி தேடிகளைத் தன் வீட்டில் கூட்டித் தேநீர் ஊற்றுகிறவள். கேக்குக்குச் சொல்லி வைத்தவளும் அவள்தான்.

ஓன்னோ. கரையணைச் சங்கத்து அதிகாரி. சாவி இவரிடம் இருந்தது.

பொம்மெல். ஃபென்னாவின் நாய். இந்த விஷயத்தில் கருத்து எதுவும் இல்லாத ஒரே ஜீவன்.

எதற்கு வந்தார்கள் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். ஓன்னோ அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை அலுவலகத்து ஆணியில் மாட்ட வந்திருந்தார். இம்கே அதைத் தடுக்க வந்திருந்தாள். தடுத்துவிடுவோம் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுவது அவளுக்குக் கைவராத வேலைகளில் ஒன்று.

அந்த நிலையத்தில் பம்பு ஓடி முப்பது வருடம் ஆகிறது. செங்கல் கட்டடமும், முன்னால் மதில் சூழ்ந்த முற்றமும், முற்றத்து நடுவில் கால்வாய்த் தண்ணீர் வந்து நிற்கும் தொட்டியும் அப்படியே கிடந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் கடலணை. அணைமேல் ஆடுகள். அணையைத் தாண்டினால் கடல். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இம்கே சங்கத்துக்கு எழுதிப் போட்டு, பகலில் முற்றம் திறந்திருக்க அனுமதி வாங்கி, உள்ளே தன் பெட்டியை ஒளித்தாள்.

ஜியோகேச்சிங் என்று இதற்குப் பெயர். ஹாடர்சீல் என்கிற இந்தக் கடலோர ஊரில் யாரும் வாய் வலிக்க அப்படிச் சொல்வதில்லை. பெட்டி என்றால் போதும். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் எண்களையும் ஓரிரு வரிக் குறிப்பையும் இணையப் பக்கத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்து நடந்து வந்து, தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு கிடையாது. வீட்டுக்குப் போய் இணையத்தில் நாலு வரி பதிவு போடலாம். அந்த நாலு வரியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், பெட்டி எங்கே இருந்தது என்பதைத் தவிர. அதை எழுதுகிறவன் முகத்தில் யாரும் விழிக்கமாட்டார்கள்.

இடத்தைப் பற்றி இம்கேக்கு இருந்த கொள்கை எளிமையானது. பெட்டியே இல்லாவிட்டாலும் போய்ப் பார்க்கத் தகுந்த இடமாக இருக்க வேண்டும். போய்வந்த பிறகு, பெட்டி இல்லாவிட்டால் இந்த இடம் நமக்குப் புரிந்தே இருக்காது என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஒரு மனுஷனை வரவழைத்து உன் குப்பையைக் காட்டுகிறாய், அவ்வளவுதான். கடை வாசலில் விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் தூக்கினால் ஒரு ஃபிலிம் டப்பா. கொடி மண்டிய சுவரில் ஏதோ ஓர் இலைக்குப் பின்னால் ஒரு ஃபிலிம் டப்பா. தகரப் பலகைக்குப் பின்னால் காந்தம் வைத்து ஒட்டிய ஃபிலிம் டப்பா. இதையெல்லாம் கண்டுபிடிப்பதும் சொந்தச் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டை எடுப்பதும் ஒன்று என்பாள்.

"மொய்ன்" என்று அந்த ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னார் ஓன்னோ. எல்லோரும் "மொய்ன்" என்றார்கள். அவர் கையில் காகிதக் கத்தை இருந்தது. மேற்குக் காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

"இம்கே, உங்க பெட்டியத் தேடி வந்தவங்க எழுதினதையெல்லாம் அச்செடுத்துக் கொண்டாந்திருக்கேன்."

"உங்க பெட்டியா? எங்கண்ணன்கூடச் சேந்து எங்க தோட்டத்து ஆப்பிளத் திருடித் தின்னப்ப நான் நீயாத்தான இருந்தேன்?"

"அப்ப நான் சங்கத்துல இல்ல" என்றார் ஓன்னோ. சிரிக்கவில்லை. "சங்கம் ஒரே ஒரு கேள்விதான் கேக்குது. மதில் பழசு, தொட்டி ஆழம், ஆள் வந்துபோனா பொறுப்பு எங்க தலைமேல. அந்தப் பொறுப்பச் சொமக்கற அளவுக்கு உள்ள ஏதாவது இருக்கா? இருந்தா கதவு தெறந்திருக்கட்டும். இல்லன்னா பூட்டு. நான் என் கருத்தச் சொல்லல. வந்தவங்க சொன்னதப் படிக்கறேன்."

ஃபென்னா காரின் பின்கதவைத் திறந்து, கம்பளித் துணி சுற்றிய பீங்கான் கோப்பைகளை எடுத்து வைத்தாள். அவள் அகராதியில் காகிதக் கோப்பை ஒரு குற்றம். கல்கண்டுக் கட்டியைப் போட்டுத் தேநீரை ஊற்றியதும் அது கோப்பைக்குள் 'டிக்' என்று வெடித்தது. மேலே பாலேட்டைக் கரண்டியால் மெல்ல விட்டாள். கலக்கவில்லை. அங்கே யாரும் கலக்கமாட்டார்கள்.

ஓன்னோ படித்தார். "'நாலு கிலோமீட்டர் நடை. கடைசியில் ஒரு டப்பா. ஏமாற்றம்.'" தாளைப் புரட்டினார். "'கிடைத்தது. நன்றி.' அடுத்தது, 'இணையப் பக்கத்தில் இருப்பதைப் படித்துவிட்டு ஆசையாக வந்தேன். எதற்கு இந்தப் பெருமை என்று தெரியவில்லை.' அடுத்தது, 'இவ்வளவு நல்ல இடத்தில் இவ்வளவு சோம்பேறித்தனமாக ஒளித்தவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.'"

"சோம்பேறித்தனமா?" என்றாள் இம்கே. அந்தப் பெட்டிக்காக அவள் பதினோரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உலோகத்தைப் பற்றவைத்திருக்கிறாள்.

"நான் எழுதல."

"எழுதினவன் எந்த ஊரு?"

"எந்த ஊரா இருந்தா என்ன? இது மாதிரி முப்பது இருக்கு."

இம்கே ஐலெர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஒரு வார்த்த சொல்லேன். போன வருஷம் நீயும் வந்து கண்டுபிடிச்சல்ல?"

ஐலெர்ட் அணைமேல் மேயும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் என்னத்தச் சொல்ல. எடம் அழகு. ஆனா எல்லாருக்கும் உன் நாடகத்துக்கு நேரம் இருக்குமா, தாயே? எனக்குச் சட்டப்படி நாப்பத்தஞ்சு நிமிஷம் ஓய்வு. லாரிய நிறுத்தற எடத்துல என்ன இருக்கும்? விளக்குக் கம்பம் இருக்கும். அதுக்கடியில ஒரு டப்பா இருந்தா, எறங்கறேன், கால நீட்டறேன், பேர எழுதறேன், ஏறிடறேன். அது எனக்குப் பெரிய விஷயம். உனக்குக் குப்பை."

"ஆமா, குப்பைதான்."

"வருஷத்துல பாதி நாள் நான் சீட்டுலயே கெடக்கறவன். அந்தத் தாள்ல இருக்கற பேருதான் எனக்குக் கூட்டாளி."

விளக்குக் கம்பத்துக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று இம்கேக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வருடத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவான்.

ஃபென்னா இரண்டாவது கோப்பை ஊற்ற வந்தாள். ஐலெர்ட் தன் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் நிறுத்தினான். போதும் என்று அர்த்தம்.

ஃபென்னாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஒடம்பு சரியில்லையா?"

"வேணாம்."

மூன்று கோப்பைக்கு முன்னால் கரண்டியை நிறுத்துகிறவன் ஹாடர்சீலில் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரமாகக் கிளம்பக் காரணம் உள்ளவனாக இருக்க வேண்டும். ஐலெர்ட் மாடு மாதிரி ஆரோக்கியமாக இருந்தான். இம்கே அதைக் கவனித்துவிட்டு, ஓன்னோவிடம் திரும்பினாள்.

"இந்த அச்சுல எதுவரைக்கும் இருக்கு?"

"கடைசி அம்பது."

"மிச்சத்தக் கைபேசியில தெறங்க. ரெண்டு வருஷம் பின்னாடி போங்க. படிங்க, சத்தமா."

ஓன்னோ கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கைபேசியை முகத்தருகே பிடித்தார். "'வலது கை தோள் வரைக்கும் ஈரம். சிரித்துக்கொண்டே வீடு வந்தோம்.'" நிறுத்தினார். "'ஷூவுக்குள் மீன் வளர்க்கலாம். ஒன்பது வயது மகள் இன்னொரு தடவை செய்வோம் என்கிறாள்.' 'துண்டு கொண்டுவந்திருக்க வேண்டும்.' என்ன இது? தொட்டில விழுந்தாங்களா?"

"யாரும் விழல. இப்ப அச்செடுத்ததப் பாருங்க. அந்த அம்பதுல எத்தன பேர் நனைஞ்சாங்க?"

ஓன்னோ புரட்டினார். அவர் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். கீழிருந்து மேலே ஒரு தரம், மேலிருந்து கீழே ஒரு தரம். காற்றுக்காக ஒவ்வொரு தாளையும் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "மொத ஏழு பேர் ஈரத்தப் பத்தி எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் நாப்பத்து மூணு பேர். ஒருத்தன்கூட நனையல."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் ஆகஸ்ட்."

"என் பெட்டிய நனையாம எடுக்க முடியாது" என்றாள் இம்கே. "நான் செஞ்சது, எனக்குத் தெரியும். அந்த நாப்பத்து மூணு பேர் எதையோ கண்டுபிடிச்சிருக்காங்க. அது என்னோடது இல்ல. கதவத் தெறங்க."

ஓன்னோ கதவைத் தள்ளினார். துரு கரகரத்தது. பொம்மெல் முதலில் போனது.

முற்றம் சிறியது. தொட்டியைச் சுற்றி இடுப்புயரக் கம்பி. கம்பியில் கொக்கி போட்டு ஒரு தகர வாளி. கட்டடச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு, உயரமான ஆள் கையைத் தூக்கினால் தொடும் உயரத்தில். அதில் 1962 என்று மட்டும் இருந்தது. சுவரோரம் மழைநீர்க் குழாய், கதவுப் பக்கம் 'ஆழமான நீர், அபாயம்' என்கிற எனாமல் பலகை. இம்கே வேறெங்கும் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய்ப் பின்னால் விரலை விட்டாள். இரண்டு நொடி. ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பா, முதுகில் காந்தத்தோடு, அவள் உள்ளங்கைக்கு வந்தது.

"இதான்" என்றாள். "சோம்பேறித்தனம்."

"இதுதான் பெட்டியா?" என்றார் ஓன்னோ.

"இது பெட்டியில்ல. தேடிப் பாத்துக் கெடைக்கலைன்னா, காணாமப் போயிடுச்சுன்னு தாங்களே முடிவு கட்டி, பையிலேர்ந்து ஒரு டப்பாவ எடுத்து வச்சுட்டு, அதுலயே பேர எழுதிட்டு, 'கிடைத்தது, நன்றி'ன்னு போட்டுட்டுப் போற ஜாதி ஒண்ணு இருக்கு. அடுத்தவன் வரான். மொதல்ல கைக்குக் கெடைக்கறது இது. கெடைச்சவன் அதுக்கு மேல ஏன் தேடறான்?"

பொய் கையில் கிடைத்தவன் மெய்யைத் தேடுவதில்லை. வந்தவர்கள் நல்லவர்கள், விதிப்படி நடந்தவர்கள். எங்கே கிடைத்தது என்று ஒருத்தரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

டப்பாவின் மூடியை நெம்பினாள். உள்ளே சுருட்டிய தாள். பிரித்தாள். இந்த ஆட்டத்தில் தாள் பொய் சொல்லாது. வந்த வரிசையில்தான் பெயர் ஏறும். முதல் வரியில், போன வருடம் ஆகஸ்ட் பத்தாம் தேதி, லாரிக்காரர்கள் நாலு பேருடைய கையெழுத்து. நாலில் முதலாவது, பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு, ஐலெர்ட்.

இம்கே தாளை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஃபென்னாதான் சொன்னாள். "அடப்பாவி."

"உதவிதான் பண்ணினேன்" என்றான் ஐலெர்ட்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். நாலு பேரு முக்கா மணிநேரம் தேடினோம். காணல. உனக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல."

"எவன் வீட்டுக் கழுவுதொட்டிக்கடியிலயோ படுத்திருப்பேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்? பெட்டி போச்சு, பாவம் இம்கே, அடுத்து வர்றவன் ஏமாந்து போவானேன்னு ஒண்ண வச்சேன். எல்லாரும் பண்றதுதான."

"நான் எழுதி வச்சிருந்ததப் படிச்சியா?"

ஐலெர்ட் குனிந்து பொம்மெலின் காதைச் சொறிந்தான்.

"மூணு வரி எழுதியிருக்கேன் அந்த இணையப் பக்கத்துல. படிச்சியா?"

"எண்ணு மட்டும் கைபேசியில ஏத்திக்கிட்டோம். அன்னைக்கு இருபத்தாறு பெட்டி எடுக்கணும்னு எறங்கினோம்."

"இருபத்தாறு."

"முப்பத்தொண்ணு எடுத்தோம்" என்றான் ஐலெர்ட். அந்த நேரத்திலும் அதில் ஒரு பெருமை கசிந்தது. உடனே தன் காதுக்கே அது கேட்டிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

இம்கே டப்பாவை ஓன்னோவின் சட்டைப்பையில் போட்டாள். "உங்க நாப்பத்து மூணு பேரும் சொன்னது நெஜம். ஏமாற்றம்தான். ஆனா அது இவன் எடத்தப் பத்தின சாட்சி. என் எடத்துக்குச் சாட்சி வேணும்னா சட்டைக் கைய மடிச்சு விடுங்க."

"நானா?"

"கேள்வி உங்களோடதுதான?"

அப்போது ஐலெர்ட் ஒரு காரியம் செய்தான். கதவை நோக்கி நடந்தான்.

"எங்க ஓடற?" என்றாள் ஃபென்னா.

"ஓடல. நான் பாக்கமாட்டேன். பாத்துட்டா அப்பறம் தேட முடியாது." அவன் திரும்பவில்லை. "அணைக்கு அந்தப் பக்கம் நிக்கறேன். முடிஞ்சதும் கூப்பிடுங்க. யாரும் ஒரு வார்த்த சொல்லிடாதீங்க."

போய்விட்டான். அணைச்சரிவில் ஆடுகளை விலக்கிக்கொண்டு ஏறுவது கதவிடுக்கில் தெரிந்தது. பிறகு அவன் தொப்பி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. இவ்வளவு மானம் பதினாலு மாதத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது என்று இம்கே நினைத்தாள். ஆனாலும், மிச்சம் ஏதோ இருக்கிறது.

"இணையப் பக்கத்துல நான் எழுதினதப் படிங்க" என்றாள் ஓன்னோவிடம்.

அவர் கைபேசியில் படித்தார். "'கடல் ஏறின அளவுக்குப் பெட்டியும் ஏறும். மழையை அறியாத ஒன்றைத் தேடு. அடைப்பதை மறக்காதே.'" முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். அதன் பக்கத்திலிருந்த மழைநீர்க் குழாயைப் பார்த்தார். அண்ணாந்து கூரை ஓரத்தைப் பார்த்தார். குழாயின் வாய் கூரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டிருந்தது. எதோடும் சேரவில்லை.

"இதுல மழத்தண்ணி எறங்க வழியே இல்லியே."

இம்கே சும்மா நின்றாள். ஒளித்தவள் வாய் திறக்கக் கூடாது.

ஓன்னோ வாளியைக் கொக்கியிலிருந்து எடுத்தார். கம்பிக்கு மேலே குனிந்து தொட்டியில் முகந்தார். தலைக்கு மேலே தூக்கி, தகடு இருந்த உயரத்தில், குழாயின் வாயில் ஊற்றினார். முக்கால்வாசி உள்ளே போயிற்று. கால்வாசி அவர் கைவழியே அக்குளுக்குள் இறங்கிற்று. உள்ளே போனது குழாயின் அடியில் இருந்த துளை வழியாக வந்து அவர் ஷூவை நிறைத்தது.

ஃபென்னா திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அடைப்பதை மறக்காதே" என்றார் ஓன்னோ, தனக்குத்தானே. குனிந்தார். குழாயடியில் சங்கிலியில் ஒரு கருவேல மரக்கட்டை தொங்கியது. துளையில் வைத்துக் காலால் மிதித்து இறுக்கினார்.

இரண்டாவது வாளியில் குழாய்க்குள் எங்கேயோ ஆழத்தில் உலோகம் உரசும் சத்தம் வந்தது. நாலாவதில் அது அவர் நெஞ்சுக்கு நேராகக் கேட்டது. ஆறாவதில் காதுக்கு நேராக. அதற்குப் பிறகு அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாளியையும் நிதானமாகத் தூக்கினார், ஏதோ அளவெடுக்கிறவர் மாதிரி. எட்டாவது வாளிக்குக் குழாயின் வாயில் செம்பில் செய்த ஓர் உருளை எட்டிப் பார்த்தது. அவர் கைநீட்டி எடுத்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உருளையைத் திறந்தார். உள்ளே காய்ந்த குறிப்பேடும் ஒரு பென்சிலும். கடைசிப் பெயர் போன வருடம் ஜூலையில். அதற்குப் பின்னால் வெற்றுத் தாள்.

ஓன்னோ அங்கேயே நின்று தகட்டைப் பார்த்தார். பிறகு தன் காலடியைப் பார்த்தார். பிறகு மறுபடி தகட்டை. அந்த வருடத்துப் புயல் வெள்ளத்தில் அணைக்கு அந்தப் பக்கம் கடல் நின்ற உயரம் அது. அணை தாங்கியது. இந்தப் பக்கம் இதே முற்றத்தில் பம்புக்காரன் காய்ந்த தரையில் நின்றிருந்தான்.

"இந்த எண்ண நான் தெனம் காகிதத்துல பாக்கறேன்" என்றார். "இருபத்திரெண்டு வருஷமா. என் தலைக்கு மேலன்னு தெரியும். இவ்வளவு மேலன்னு கைக்குத் தெரியாது."

"பலகைக்குப் பின்னாடி தெரியுமா அது?" என்றாள் இம்கே.

"தெரியாது." பென்சிலை எடுத்துப் பெயரை எழுதினார். தேதி போட்டார். மூடினார். "சரி. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், நீ கேளு. பதினாலு மாசம். நாப்பத்து மூணு பதிவு. ஒவ்வொண்ணும் உனக்கு மின்னஞ்சல்ல வந்திருக்கும். வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"நீ ஏன் ஒரு தடவகூட வந்து பாக்கல?"

இம்கேக்குப் பதில் தெரியும். தன் வேலை பழுதாகாது என்று அவள் நம்பினாள். ஒன்பது வருடம் பழுதாகவும் இல்லை. முதல் 'ஏமாற்றம்' வந்தபோது எழுதியவன் முட்டாள் என்று முடிவு செய்தாள். இரண்டாவதுக்கும் அதே முடிவு. பத்தாவதுக்குப் பிறகு மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை.

"எழுதினவனுங்க மடையனுங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நாப்பத்து மூணு பேருமா?"

"ஆமா."

"ஐலெர்ட் டப்பா வச்சான். அத ஒரு வருஷம் காப்பாத்தினது நீ."

அடி சரியான இடத்தில் விழுந்தது. இம்கே தலையை ஆட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை; ஓன்னோவும் எதிர்பார்க்கவில்லை. அவர் சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரித்தார். பெரியது, இரும்பு, கழுத்தில் சிவப்பு நூல்.

"மாசத்துக்கு ஒரு தடவ நீ வந்து பாத்து, எனக்கு ஒரு வரி எழுதணும். சாயங்காலம் பூட்டறது, காலைல தெறக்கறது உன் பொறுப்பு. ஒரு மாசம் தவறினாலும் இது ஆணிக்குப் போயிடும்."

"தவறாது."

"போன வருஷமும் இப்படித்தான் சொல்லியிருப்ப."

"போன வருஷம் என்கிட்ட சாவி இல்ல" என்றாள் இம்கே. அவர் அவளை 'நீ' என்று சொல்ல ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் கட்டையை உருவினாள். குழாய்த் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வந்து கற்களில் பரவியது. செம்பு உருளையைக் குழாயின் வாயில் போட்டதும் அது உரசிக்கொண்டே அடிக்குப் போயிற்று. குழாயடி மட்டும் கறுப்பாக நனைந்திருந்தது. குருடனுக்கும் அது வழிகாட்டும்.

இம்கே வாளியை எடுத்தாள். தொட்டியில் முகந்து, பலகைப் பக்கம் வீசினாள். அடுத்ததைக் கதவோரம். அடுத்ததை எதிர் மூலையில். பொம்மெல் குரைத்துக்கொண்டு ஓடிற்று.

"பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றாள் ஃபென்னா, பாவாடையைத் தூக்கிக்கொண்டு.

"தண்ணிதான்னு தெரிஞ்சா தெரியட்டும். எங்கன்னு தெரியக்கூடாது."

முற்றம் முழுக்க ஒரே ஈரமான பிறகு வாளியைப் பழைய கொக்கியில் மாட்டினாள். மூவரும் வெளியே வந்தார்கள். ஃபென்னா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அணைமேல் தொப்பி முளைத்தது.

ஐலெர்ட் இறங்கி வந்தான். ஓன்னோவின் சட்டையைப் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான். அதுவும் ஒரு துப்பு. அது வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ.

"கதவு?" என்றான்.

"தெறந்திருக்கும்" என்றார் ஓன்னோ.

ஐலெர்ட் மூச்சை விட்டான். பிறகு கைபேசியை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி, தன் பழைய பதிவை அழித்தான். அவன் கணக்கு பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது ஆயிற்று.

"கேக்குல எழுதிட்டாங்க" என்றாள் ஃபென்னா. "பதினாலாயிரம்னு. சாக்லேட்டுல."

"அடுத்த சனிக்கெழம வரைக்கும் நேரம் இருக்கு."

"ஒரு விளக்குக் கம்பத்தத் தூக்கினா முடிஞ்சுது" என்றாள் இம்கே.

"இல்ல. இதுதான் பதினாலாயிரமாவது." தொப்பியை இறுக்கி அழுத்திக்கொண்டான். "நீ எழுதினதப் படிச்சிட்டேன். அணைமேல உக்காந்து மூணு வரியும் படிச்சிட்டேன். யாரும் பக்கத்துல நிக்காதீங்க. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்."

"உன் நாப்பத்தஞ்சு நிமிஷ ஓய்வு?"

"இன்னைக்கு லீவு."

உள்ளே போனான். நனைந்த கற்களைப் பார்த்து நின்றான். பலகையைப் பார்த்தான், பின்னால் கை விடவில்லை. அது வரைக்கும் பார்த்துவிட்டு இம்கே கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ரெண்டாவது கோப்ப குடிக்காம வேற போனான்" என்றாள் ஃபென்னா. "வெளிய எப்படி வருவான்?"

"நனைஞ்சதும் கூப்பிடுவான்."

"நனையலைன்னா?"

"உன் வீட்டுல மூணாவது கோப்ப முடிச்சிட்டு வந்து பாக்கலாம்."

துரு கரகரத்தது. இரும்புக் கதவு சட்டத்தில் மோதி நின்றது. இம்கே சிவப்பு நூல் கட்டிய சாவியைத் துளையில் விட்டு, ஐலெர்ட்டை உள்ளே வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றினாள்.